எந்தச் சன்னலை மூடுவது? சிங்கப்பூரும் புகைமூட்டமும்

உங்கள் வகுப்பில் புகைமூட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். சொல்லிப் பார்த்தவள் என்ற முறையில் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தாள்கள் ஒரே மாதிரி இருக்கும். இந்தோனீசியாவில் காட்டை எரிக்கிறார்கள், புகை சிங்கப்பூருக்கு வருகிறது, அரசாங்கம் முகக்கவசம் கொடுத்தது, வெளியே போகக்கூடாது. அவ்வளவுதான். எழுத்துப் பிழை குறைவு, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் படித்து முடித்தபின் அந்தக் கட்டுரையில் ஒரு மனிதரைக்கூட நாம் சந்தித்திருக்க மாட்டோம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. இன்று உயர்நிலை ஒன்றில் இருப்பவர்கள் 2013இல் கைக்குழந்தைகள். அவர்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தி. நமக்கோ தொண்டையில் இருக்கும் ஞாபகம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தக் கட்டுரை. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இதிலுள்ள ஆண்டுகளையும் எண்களையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் எண்களோடு நின்றுவிட வேண்டாம்.

எனக்கு முதல் ஞாபகம் 1997. தொடக்கநிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பள்ளிக்குப் போகும்போது சூரியன் ஆரஞ்சு வில்லை மாதிரி இருக்கும். கண் கூசாமல் நேராகப் பார்க்கலாம். உடற்கல்விப் பாடம் இல்லை என்றதும் வகுப்பே கைதட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி நம் நாட்டின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 226ஐத் தொட்டது. பி.எஸ்.ஐ என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே, அதுதான். மறுநாள் சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள்; கூச்சிங்கில் அவர்களுடைய குறியீடு 800ஐயும் தாண்டியது. செப்டம்பர் 26ஆம் தேதி, புகை சூழ்ந்திருந்த மேடான் நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் மலைப்பகுதியில் மோதி, அதிலிருந்த 234 பேரும் இறந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அம்மா சன்னலை மூடினால் பாட்டி திறப்பார், பாட்டி திறந்தால் அம்மா மூடுவார் என்பதுதான். "புகையில சாகுறதா, புழுக்கத்துல சாகுறதா?" என்று பாட்டி கேட்பார். எங்கள் வீட்டில் அப்போது ஏர்கான் கிடையாது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

'புகைமூட்டம்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். மேகமூட்டம், பனிமூட்டம் என்ற வரிசையில் இயல்பாக வந்து உட்கார்ந்துகொண்ட சொல். மூடிக்கொண்டு நகராமல் நிற்பதுதான் மூட்டம். தமிழ்நாட்டில் பனியும் புகையும் கலந்ததைப் 'புகைப்பனி' என்று எழுதுவார்கள். நம்ம ஊர்ப் புகையில் பனி கிடையாது. நல்ல வெயில் காலத்தில் வருவது. அதனால் நம் செய்திகளில் நிலைத்துவிட்ட 'புகைமூட்டம்' என்ற சொல்தான் சரி. மாணவர்கள் இரண்டையும் கலந்து எழுதினால் திருத்துங்கள்.

சரி, தீ எங்கே? 'காட்டுத் தீ' என்றதும் பிள்ளைகள் மரங்கள் கொழுந்துவிட்டு எரியும் படத்தைத்தான் வரைகிறார்கள். ஆஸ்திரேலியப் புதர்த்தீ அப்படி இருக்கலாம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவதில் பெரும்பகுதி மண். சதுப்பு நிலத்தில் இலையும் வேரும் கிளையும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான கரிய மண் அது. இயற்கையாக அது எப்போதும் நீரில் ஊறியே இருக்கும், எரியாது. அதில் செம்பனையோ காகிதத்துக்கான மரமோ பயிரிட வேண்டுமென்றால் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். வடித்தபின் அந்த மண் காய்ந்த வறட்டி மாதிரி ஆகிவிடுகிறது. மேலே சருகை எரித்தால் தீ மண்ணுக்குள் இறங்கி, கனன்று கனன்று, வேறோர் இடத்தில் வெளியே வரும். மேலே தண்ணீர் ஊற்றினால் மேலே மட்டும்தான் அணையும். அடியில் இருப்பது நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் உயரும்வரை கனன்றுகொண்டே இருக்கும். கொழுந்துவிட்டு எரிவதைவிட இப்படிப் புகைந்து எரியும்போதுதான் நுண்துகள்கள் அதிகம்.

1990களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் ஒரு மில்லியன் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல் வயலாக்கப் போவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. நிலம் காய்ந்ததுதான் மிச்சம். 1997இல் எல் நினோ வந்து மழையைத் தள்ளிப்போட்டபோது அந்த நிலம் எரிந்தது. 2015இல் எல் நினோ வந்தபோது மறுபடியும் எரிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவின் புகையை நேராக நம் பக்கம் தள்ளுகிறது. 2013இல் பெரிய எல் நினோ எதுவும் இல்லை. ரியாவ் மாநிலத்தில் சில வாரம் மழை இல்லை, காற்றுத் திசையும் சரியாக அமைந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

2013 ஜூன் 19 இரவு 10 மணிக்கு மூன்று மணி நேரக் குறியீடு 321. மறுநாள் பகல் 1 மணிக்கு 371. ஜூன் 21 நண்பகலில் 401. முந்நூறைத் தாண்டினாலே 'அபாயகரமானது' என்று பெயர். தேர்வு எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 2014 ஏப்ரல் 1 முதல்தான் பி.எம் 2.5 என்னும் நுண்துகள் இந்தக் குறியீட்டுக்குள் சேர்க்கப்பட்டது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள துகள். நுரையீரலின் அடிவரை போகக்கூடியது. ஆகவே 1997, 2013 எண்களையும் அதன்பிறகு வந்த எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டு 'கூடியது, குறைந்தது' என்று எழுதினால் கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

அந்த வாரம் மருந்துக் கடைகளில் என்95 முகக்கவசம் தீர்ந்துபோனது. கடை திறக்குமுன்பே வரிசை. அரசாங்கம் இருப்பிலிருந்து எடுத்து, குறைந்த வருமானக் குடும்பங்கள் 200,000க்கு ஒரு மில்லியன் கவசங்களை இலவசமாகக் கொடுத்தது. அடித்தள அமைப்புத் தொண்டூழியர்கள் வீடு வீடாகப் படியேறினார்கள். சமூக மன்றங்களில் குளிரூட்டப்பட்ட அறைகளைத் திறந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களை, "எங்கள் வீட்டில் ஏர்கான் இருக்கிறது, வயதானவர்கள் வந்து படுத்துக்கொள்ளலாம்" என்று இணையத்தில் அழைத்தவர்களும் உண்டு. இதை ஏன் நம் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் தேக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. லிட்டில் இந்தியாவைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சூளைகள் இருந்த இடம். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலையே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் அந்தக் காலத்தில் சொன்னார்கள். ஆக, புகை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால் சூளைப் புகைக்கு ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு நேரம் உண்டு. காற்று மாறினால் போய்விடும். இது அப்படியல்ல. சிராங்கூன் ரோட்டின் ஒரு முனையில் நின்றால் அடுத்த சந்திப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. ஏர்கான் உணவகங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வியாபாரம் செய்தன. பூக்கடைக்காரர்களுக்குச் சாத்துவதற்குக் கதவு இல்லை. பூ கட்டும் கை நிற்கவில்லை. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது என் புளோக்குக்கு எதிரே கட்டுமானத் தளத்தில் வேலை முடிந்து லாரிக்காகக் காத்திருந்த ஓர் அண்ணனோடு பேசினேன். புதுக்கோட்டைப் பக்கம். தினமும் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் உண்டு. கவசம் கழுத்தில் தொங்கியது.

"போட்டுக்கிட்டு வேலை செய்யலாம்ல, அண்ணே?"

"போட்டா மூச்சு முட்டுதுக்கா, உள்ள வேர்வை ஊத்துது. போடலன்னா தொண்டை எரியுது. எதையாவது ஒண்ணத் தாங்கித்தானே ஆகணும்."

பாட்டி கேட்ட அதே கேள்வி. சன்னலுக்குப் பதில் மூக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சமயத்தில் மனிதவள அமைச்சு முதலாளிகளுக்கு அறிவுரைகள் தந்திருந்தது. வெளிப்புற வேலையைக் குறைக்கச் சொன்னது, கவசம் தரச் சொன்னது. எல்லா வேலையையும் ஒரேயடியாக நிறுத்தும் கட்டாயம் இல்லை. நிறுத்தினால் நாள் சம்பளம் என்னாகும் என்ற கேள்வியும் இருந்தது. அவரும் நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

அவர் கேட்டது வேறு. "ஊர்ல கரும்புத் தோகை கொளுத்தினா வர்ற வாசம் மாதிரியே இருக்கு. எங்கக்கா எரியுது?" சுமத்ராவில் என்றேன். "இவ்வளவு தூரத்துல நமக்கே இப்படின்னா, அங்க இருக்கறவங்க என்ன பண்றாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழும் கல்வியியலும் படித்த எனக்குத் தோன்றாத கேள்வி அது. நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் அந்தக் கேள்வி இல்லை. நம் கதையில் இந்தோனீசியர்கள் எரிப்பவர்கள், நாம் இருமுபவர்கள். அங்கேயும் கோடிக்கணக்கானவர்கள் இருமுகிறார்கள் என்பது கண்ணுக்குப் படுவதே இல்லை.

பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன். 2015இல் ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தோனீசியாவில் 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது என்றும், அந்நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 16 பில்லியன் அமெரிக்க டாலர் என்றும் உலக வங்கி கணக்கிட்டது. நம் தீவைப்போல் முப்பது மடங்குக்கும் அதிகமான நிலம். மத்தியக் கலிமந்தானின் தலைநகர் பாலங்காராயாவில் நாம் கண்ட உச்ச எண்ணைப்போல் சில மடங்கு புகை, வாரக்கணக்கில் இருந்தது. பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். பள்ளிகளை ஒருநாள் இருநாள் அல்ல, வாரக்கணக்கில் மூடினார்கள். பலகை வீட்டில் சன்னலை மூடினாலும் பலகை இடுக்குகளை எதைக் கொண்டு மூடுவது?

அங்கே கிராமங்களில் 'மஷாராக்காட் பெடுலி அப்பி' என்ற தன்னார்வக் குழுக்கள் உண்டு. 'தீயின்மேல் அக்கறை கொண்ட சமூகம்' என்று சொல்லலாம். உள்ளூர் விவசாயிகளும் மீனவர்களும்தான் உறுப்பினர்கள். சிறிய பம்பு, நீளக் குழாய், மண்ணில் துளையிட்டு எடுக்கும் தண்ணீர், இவ்வளவுதான் ஆயுதம். குழாயை மண்ணுக்குள் செருகி, உள்ளே சேறாகும்வரை தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பக்கத்தில் ஓடை வற்றியிருந்தால் அதுவும் முடியாது. பின்னாளில் வாய்க்கால்களுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி நீரைத் தேக்கி மண்ணை மறுபடி நனைக்கும் வேலையும் தொடங்கியது. 2015 அக்டோபரில் நம் ஆயுதப்படையின் சினூக் ஹெலிகாப்டரும் குடிமைத் தற்காப்புப் படையினரும் தென் சுமத்ராவின் பலெம்பாங்குக்குப் போய்த் தீயணைப்பில் கைகொடுத்தார்கள்.

எரிப்பது யார் என்பதும் நாம் எழுதுவதுபோல் அவ்வளவு எளிதல்ல. சிறு விவசாயியும் எரிக்கிறார். தீக்குச்சியைவிட மலிவான கருவி அவரிடம் இல்லை. பெரிய தோட்ட நிறுவனங்களின் நிலத்திலும் எரிகிறது. நிலத்துக்கு உரிமை யாருக்கு என்பதில் சண்டை நடக்கும் இடத்திலும் எரிகிறது. 2013 ஜூன் 24ஆம் தேதி அன்றைய இந்தோனீசிய அதிபர் யுதோயோனோ சிங்கப்பூரிடமும் மலேசியாவிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆசியான் நாடுகளின் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தாகியிருந்தும் இந்தோனீசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014இல்தான். அதே 2014இல் நம் நாடாளுமன்றம் எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கே புகைமூட்டம் ஏற்படக் காரணமான நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் நாளொன்றுக்கு 100,000 வெள்ளிவரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். தேர்வில் எழுத இந்தப் பத்தி போதும்.

ஆனால் வரலாறு என்று சொன்னால் எனக்கு இரண்டு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முதலாவது 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. வெயில் கொளுத்திய பிற்பகல். புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில், அத்தாப்புக் கூரைகளும் தகரமும் பலகையும் நெருக்கியடித்து நின்ற இடத்தில் தீ பரவியது. நால்வர் இறந்தார்கள். 2,800க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. ஏறக்குறைய 16,000 பேர் ஒரே பிற்பகலில் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. அதன்பிறகு அடுக்குமாடி வீடுகள் எழுந்த கதையை நம் பிள்ளைகள் நன்றாகவே சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது, தீக்கு முன்பே அந்தக் கம்பத்து இளைஞர்கள் தாங்களாகவே தீயணைப்புக் குழு வைத்து இரவில் காவல் சுற்றினார்கள் என்பது. தீக்குப் பின் அந்த மக்கள் எங்கே படுத்தார்கள் என்பதும் யாருடைய கட்டுரையிலும் வராது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படுத்தார்கள். வகுப்பறையில் பாய் விரித்து, மேசையை ஓரம் தள்ளி.

இரண்டாவது 2015 செப்டம்பர் 24. அன்றும் ஹஜ்ஜுப் பெருநாள்தான். அன்று மாலை, மறுநாள் தொடக்கநிலை, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. புகைமூட்டத்துக்காக நாடு முழுக்கப் பள்ளிகளை மூடியது அதுவே முதல்முறை. 1961இல் தீக்காகத் திறந்த பள்ளிக்கூடம், 2015இல் புகைக்காக மூடியது என்று எழுதினால் வாக்கியம் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை நானும் போனேன்.

எங்கள் பள்ளிக்கு மிகச் சிலரே வந்தார்கள். நூலகத்தில் உட்காரவைத்தோம். சாதாரண நிலைத் தேர்வு நெருங்குகிறதே என்று இரண்டு பெரிய பிள்ளைகள். அவர்களோடு உயர்நிலை ஒன்று பையன் ஒருவன். பன்னிரண்டு பதின்மூன்று வயது, வீட்டில் தனியாக இருக்கக்கூடியவன்தான். ஏன் வந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டான்.

"சன்னல மூடினா வேகுது டீச்சர். இங்க ஏர்கான் இருக்கு."

ஓரறை வாடகை வீடு. அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். அவருடையது துப்புரவு வேலை, வெளியில்தான். அவன் நூலகத்தில் ஒரு மூலையில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினான். நான் எழுப்பவில்லை. அதன்பிறகு வகுப்பறைகளுக்குக் காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவிகள் வந்தன. அவனுடைய வீட்டுக்கு வந்திருக்குமா என்று தெரியாது.

வெப்பமும் புகையும் தனித்தனிப் பாடமல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரல் 17இல் தெங்காவில், பிறகு 2023 மே 13இல் அங் மோ கியோவில். அந்த இரண்டாவது பதிவு வந்த ஆண்டு அக்டோபரில் காற்றும் மறுபடி 'ஆரோக்கியமற்ற' நிலைக்குப் போனது. அதே மாதம் மனிதவள அமைச்சு வெளியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விதியைக் கொண்டுவந்தது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஓர் அளவு இருக்கிறது. அது 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். புதிதாக வந்தவருக்கு உடம்பு இந்த வெயிலுக்குப் பழகக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் தர வேண்டும். பத்து நிமிடம் போதுமா என்று நீங்கள் வகுப்பில் விவாதிக்கலாம். நல்ல பேச்சுத் தலைப்பு. போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் நான் மேலே சொன்ன அண்ணனுக்கு 2013இல் அந்தப் பத்து நிமிடமும் எழுத்தில் இல்லை.

வகுப்பில் இதைப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. தலைப்பைக் 'புகைமூட்டத்தின் விளைவுகள்' என்று கொடுக்காதீர்கள். 2013 ஜூனிலோ 2015 செப்டம்பரிலோ வெளியில் வேலை செய்த ஒருவரிடம் பேசி வரச் சொல்லுங்கள். உணவங்காடி அண்டி, பேருந்து ஓட்டுநர், புளோக் கூட்டும் அண்ணன், காவலாளித் தாத்தா, யாராக இருந்தாலும் சரி. மூன்றே கேள்வி: அன்று எங்கே நின்றீர்கள், முகத்தில் என்ன கட்டியிருந்தீர்கள், வீட்டுக்குப் போனதும் சன்னலைத் திறந்தீர்களா மூடினீர்களா. பதிலை அவர்கள் பேசியபடியே எழுதட்டும். எழுத்து வழக்குக்கு மாற்றுவதை அடுத்த பாடத்தில் செய்துகொள்ளலாம். போன தவணை என் மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டு வந்து எழுதிய தாளில் எழுத்துப் பிழை நிறையவே இருந்தது. அவள் பேசியது தன் அப்பாவிடம். 2013இல் அவர் ஜூரோங்கில் கூரை வேலையில் இருந்தாராம். அதுவரை அவளுக்கு அது தெரியாதாம்.